தாடியை அடகு வாங்கிய ஊரும், கடனைக் கட்டிய கப்பலும்

வங்கி வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பார்க்காத அடமானம் கிடையாது. வீடு, வயல், தங்கம், டிராக்டர், எல்.ஐ.சி. பாலிசி, கிடங்கு நிறைய மிளகாய் மூட்டை என்று எல்லாத்துக்கும் கடன் எழுதியிருக்கிறேன். ஒருவர் தாடியை அடகு வைத்து அதற்கும் கடன் கிடைத்தது என்று யாராவது சொல்லியிருந்தால், "காலங்காத்தால விளையாடாதீங்க சார்" என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அது நிஜமாக நடந்திருக்கிறது. அது நடந்த ஊரில் ஒரு பகல் முழுக்கச் சுற்றியும் வந்தேன்.

விஷயம் இதுதான். 2021 நவம்பரில் மும்பையிலிருந்து சொகுசுக் கப்பலில் கிளம்பினோம். நான், தங்கமணி, பத்தாவது படிக்கும் பெரியவள், ஆறாவது படிக்கும் சின்னவன். லாக்டவுனில் ரெண்டு வருஷம் எங்கேயும் போகாமல் செம்பூர் வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததற்குப் பிராயச்சித்தம். (எல்.எஃப்.சி.யில் கப்பல் டிக்கெட் கிளெய்ம் பண்ண முடியுமா என்று கேட்காதீர்கள். அது தனிக் கதை, சோகக் கதை.) சாயங்காலம் கிளம்பினால் மறுநாள் காலை டையூ. பகல் முழுக்க அங்கே இறங்கிச் சுற்றலாம், அஞ்சு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் காத்திருக்காது என்று மைக்கில் மூணு தடவை சொன்னார்கள்.

டையூ என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த "கோவா, டாமன், டையூ" தான். சௌராஷ்டிராக் கரையின் தெற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற குட்டித் தீவு. பரப்பு 40 சதுர கிலோமீட்டருக்குள்தான். கப்பல் கரை வரைக்கும் போகாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகில் கூட்டம் கூட்டமாக இறக்கினார்கள். முகக்கவசத்துக்குள் உப்புக்காற்று, எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பழுப்புக் கோட்டை. "இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோட்டை எதுக்குப்பா?" என்றாள் பெரியவள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

கம்பாத் வளைகுடாவுக்குள் போகிற, வருகிற கப்பலெல்லாம் இந்த முனையைத் தாண்டித்தான் போகணும். பதினாறாம் நூற்றாண்டில் குஜராத் துணி அரபு நாடு, ஆப்பிரிக்கா, மலாக்கா என்று எல்லாப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. இங்கே உட்கார்ந்துகொண்டு சுங்கம் வசூலித்தால் எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். போர்த்துகீசியர்கள் யோசித்தார்கள். கடலில் கப்பல் விட வேண்டுமானால் அவர்களிடம் "கர்தாஸ்" என்று ஒரு அனுமதிச் சீட்டு வாங்கணும், அவர்கள் காட்டுகிற துறைமுகத்தில் சுங்கம் கட்டணும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். நம்ம ஊர் டோல்கேட்தான், பக்கத்தில் பீரங்கியோடு.

1509 பிப்ரவரியில் இந்த டையூவுக்கு எதிரேதான் அல்மெய்தாவின் போர்த்துகீசியக் கப்பல் படை, எகிப்து மம்லூக்குகளும் குஜராத்தும் கோழிக்கோடும் சேர்ந்த படையைத் தோற்கடித்தது. ஆனால் ஊர் உடனே கைக்கு வரவில்லை. வந்தது 1535-இல், அதுவும் போரில் இல்லை. குஜராத் சுல்தான் பகதூர் ஷாவை ஒரு பக்கம் ஹுமாயூன் நெருக்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு ஆள் வேண்டும். 1534 டிசம்பரில் வசாயையும் அதோடு சேர்ந்த மும்பைத் தீவுகளையும் போர்த்துகீசியர்களுக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷம் டையூவில் கோட்டை கட்டிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. மாட்டுங்கா, தாராவி என்று நாம் மூணு தலைமுறையாக இட்லி மாவு அரைத்துப் பிழைக்கிற மண், ஒரு சுல்தானின் அவசரத்தில் கைமாறிய சொத்து. அப்புறம் 1661-இல் போர்த்துகீசிய இளவரசியின் கல்யாணச் சீராக இங்கிலாந்து ராஜாவிடம் போனது. அவர் 1668-இல் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். இன்றைக்குப் பத்து பவுண்டுக்கு செம்பூரில் பைக் நிறுத்த இடம் கிடைக்குமா?

பகதூர் ஷா விஷயம் நல்லபடியாக முடியவில்லை. ஹுமாயூன் விலகிப் போனதும் கோட்டை கொடுத்தது தப்பு என்று அவருக்குப் பட்டது. 1537 பிப்ரவரியில் போர்த்துகீசிய ஆளுநரைப் பார்க்க அவர் கப்பலுக்கே போனவர், திரும்பும்போது நடந்த கைகலப்பில் இதே டையூ கடலில் செத்துப் போனார். 1538-இல் துருக்கிக் கப்பல் படை சூயஸிலிருந்து வந்து, குஜராத் படையோடு சேர்ந்து கோட்டையை முற்றுகை போட்டுப் பார்த்தது. முடியவில்லை. 1546-இல் குஜராத் படை மறுபடியும் வந்தது. ஏப்ரலில் ஆரம்பித்த முற்றுகை நவம்பர் வரை இழுத்தது. நம்ம தாடிக்காரர் அங்கேதான் வருகிறார்.

அவர் பெயர் ஜுவாவ் டி காஸ்ட்ரோ. கோவாவில் ஆளுநர். வெறும் சண்டைக்காரர் என்று நினைக்காதீர்கள், பெரிய கடல் விஞ்ஞானி. 1538-இல் இந்தியாவுக்கு வந்தவர், கோவாவிலிருந்து டையூ வரைக்கும் கப்பலில் போய் வழியெல்லாம் துறைமுகங்களை வரைந்து, ஆழம் அளந்து குறிப்பு எழுதினார். வசாய் பக்கம் திசைகாட்டி முள் இடத்துக்கு இடம் மாறிக் காட்டுவதைக் கவனித்து, பக்கத்தில் இருக்கிற பாறைதான் முள்ளை இழுக்கிறது என்று எழுதி வைத்தார். தினமும் வசாய் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தத் தகவல் சமர்ப்பணம் :-)

1546 முற்றுகையில் அவருடைய மகன் ஃபெர்னாண்டோ கோட்டைக்குள் இருந்தான். ஆகஸ்டில் எதிரிகள் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்ததில் செத்துப் போனான். நவம்பரில் காஸ்ட்ரோ தானே படையோடு வந்து முற்றுகையை உடைத்தார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் கோட்டை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, இடிபாடுதான். திருப்பிக் கட்டணும், வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கணும், கஜானா காலி.

அப்போதுதான் 1546 நவம்பர் 23 தேதியிட்டு கோவா நகரசபைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். 20,000 பர்தாவ் கடன் வேண்டும். ஈடாகக் கொடுக்கத் தன்னிடம் தங்கம், வெள்ளி, நிலம் எதுவும் இல்லை. செத்துப்போன மகனின் எலும்பை எடுத்து அடமானமாக அனுப்பலாம் என்று நினைத்தார். புதைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, எடுக்கிற நிலையில் இல்லை. அதனால் தன் தாடியில் இருந்து முடி எடுத்து அனுப்பினார். (மீசை என்று எழுதியவர்களும் உண்டு.) நம்ம ஊரில் மீசையை வைத்துச் சவால் விடுவோம். "அது மட்டும் நடந்துட்டா நான் மீசைய எடுத்துடறேன்டா" என்போம். அடகு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோவாக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பணத்தை அனுப்பினார்கள். தாடியை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போர்த்துகீசிய உலகத்தில் இது பெரிய கதை. வார்த்தை சுத்தமான மனுஷன் என்பதற்கு இன்றைக்கும் அங்கே காஸ்ட்ரோவின் தாடியைத்தான் சொல்வார்கள். அவர் 1548 ஜூனில் கோவாவில் இறந்தபோது பக்கத்தில் இருந்தவர் சவேரியார். அதற்குச் சில வருஷம் முன்பு வரை நம்ம முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு இருந்த அதே சவேரியார். பெட்டியைத் திறந்து பார்த்தால் பணம் என்று இருந்தது சில்லறைக்காசுதான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோட்டைக்குள் நின்று இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். அகழிக்கு மேலே பாலம் தாண்டி உள்ளே போனால் வரிசையாகப் பீரங்கிகள், ஒரு கலங்கரை விளக்கம். சுவர் ஓரமாய் நின்றால் கடலுக்கு நடுவில் பானிகோட்டா தெரிகிறது. அது தண்ணீருக்குள்ளேயே கட்டின குட்டிக் கோட்டை, தூரத்திலிருந்து பார்த்தால் கல்லில் செய்த கப்பல் மாதிரி இருக்கும். சின்னவன் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். தங்கமணி தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. "பார்த்தியா, ஈடு முக்கியமில்ல, ஆள்தான் முக்கியம். நாங்க பேங்க்ல இதைத்தான் கேரக்டர்னு சொல்லுவோம்" என்று முடித்தேன்.

பெரியவள் கேட்டாள்: "சரிப்பா, கடனைத் திருப்பிக் கட்டினாரா?"

"பின்னே? சீக்கிரமே கட்டிட்டார்."

"எதை வச்சு? அவர்கிட்டதான் ஒண்ணுமே இல்லைன்னியே."

மாட்டிக்கொண்டேன். கடன் கொடுக்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஈடு என்ன என்பது ரெண்டாம் பட்சம். திருப்பிக் கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் முதல் கேள்வி. பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் புதுசாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். தாடிக் கதையில் மயங்கி நான் அதைக் கேட்கவே இல்லை. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்" என்று சமாளித்தேன்.

கோட்டையை விட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், ஹிந்தியில் பேசிக்கொண்டே வந்தார். பழைய ஊர் சந்துகளில் அழகான பெரிய பெரிய வீடுகள், பலவற்றில் பூட்டு தொங்குகிறது. யாரும் இல்லையா என்றேன். லெஸ்டரில் இருக்கிறார்கள், லிஸ்பனில் இருக்கிறார்கள் என்றார். அவருடைய பெரியப்பா மொசாம்பிக்கில் கடை வைத்திருந்தாராம். டையூ வணிகர்களுக்கு மொசாம்பிக் பழைய பாதை. 1686-இலேயே டையூ வாணியர்களின் "மசானேஸ்" கம்பெனிக்கு அந்த வியாபாரத்தைத் தனி உரிமையாகப் போர்த்துகீசிய அரசு எழுதிக் கொடுத்தது. மகாஜன் என்கிற சொல்தான் அப்படி மருவியது. குஜராத் துணி அங்கே போகும், யானைத் தந்தம் இங்கே வரும். அடிமைகளும் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. கோட்டையும் கொடியும் போர்த்துகீசியர்களுடையது, வியாபாரத்துக்குப் பணம் போட்டது இந்தச் சந்துக்காரர்கள்.

1961 டிசம்பர் 19-இல் டையூ இந்தியாவோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் இங்கே பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் போர்த்துகீசியக் குடியுரிமை கேட்கலாம். "எங்க வீட்ல சொத்துன்னா தாத்தாவோட பிறப்புப் பதிவுதான் சார்" என்று சிரித்தார். அதை வைத்துத்தான் தம்பி லெஸ்டர் போய் இருபது வருஷம் ஆகிறதாம். "நீங்க?" என்றேன். "அம்மாவைப் பார்த்துக்க ஒருத்தன் இருக்கணுமே" என்றார். அப்புறம் நாகோவா கடற்கரை வரைக்கும் நாங்கள் ரெண்டு பேருமே அதிகம் பேசவில்லை. வழியெல்லாம் இரண்டாகக் கிளை பிரிந்த பனை மரங்கள். நம்ம ஊர்ப் பனை ஒற்றையாய் நிமிர்ந்து நிற்கும். இது ஹோக்கா வகை. 

நாலரைக்கே படகுக்கு வந்துவிட்டோம். கப்பல் காத்திருக்காது என்ற பயம்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் விடவில்லை, தேடிப் பார்த்தேன். பதினேழாம் நூற்றாண்டில் ஃபரியா இ சூசா என்ற போர்த்துகீசியர் எழுதிய வரலாற்றில் பதில் இருக்கிறது. கோவாப் பெண்கள் தோடு, சங்கிலி, வளையல்களைக் கழற்றி அந்தக் கடனுக்காகக் கொடுத்திருக்கிறார்கள். காஸ்ட்ரோ எல்லாவற்றையும் சீக்கிரமே அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி? குஜராத்தின் பணக்காரக் கப்பல் ஒன்று பிடிபட்டது. அந்தப் பணம்.

அவ்வளவுதான். தாடிக்குப் பெயர் இருக்கிறது, தாடிக்காரருக்குப் பெயர் இருக்கிறது, சண்டையில் செத்த மகனுக்குப் பெயர் இருக்கிறது. கடனை நிஜமாகக் கட்டிய அந்தக் கப்பல்காரருக்குக் கதையில் பெயர் இல்லை. எந்த வியாபாரி, யாரிடம் கடன் வாங்கிச் சரக்கு ஏற்றினார், அவர் வீட்டில் யார் காதுத் தோடு அதற்கு அடகுக்குப் போயிருந்தது? காஸ்ட்ரோ ஜெயித்த அன்றைக்கு அவருடைய படை டையூ ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்ததும், பெண்கள் குழந்தைகள் என்று பார்க்காமல் வெட்டியதும் அதே வரலாறுகளில்தான் இருக்கிறது. அவர் நேர்மையானவர் என்பதை நான் மறுக்கவில்லை. கோவாக்காரர்கள் கணக்கில் ஒரு காசு பாக்கியில்லை. அவர்களுக்கு வரவாக வந்தது வேறொருவருக்குச் செலவு. பி.காம். முதல் வருஷப் பாடம்.

இதைப் பெரியவளிடம் சொல்லிவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கப்பல்காரர் விஷயம் கூட இல்லை, தோடு என்ற சொல்தான் நெஞ்சில் மாட்டிக்கொண்டது.

2001-இல் எனக்கு வங்கி வேலைக்கு ஆர்டர் வந்தது, மும்பைக் கிளை. டிக்கெட்டுக்கும், தங்க இடத்துக்கு முன்பணத்துக்கும், முதல் சம்பளம் வரும் வரை சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும். கும்பகோணத்தில் அப்பாவுக்குக் கடைத்தெருவில் நல்ல பெயர். "என் வார்த்தைதான்டா அடமானம். ஒரு பய மறுக்க மாட்டான்" என்பார். பணம் வந்தது, நான் ரயிலேறினேன். ரயிலடியில் அம்மா காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லணும், கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா காதில் தோடு இருந்தது. அப்பா மீட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். "வாங்கின கடனை நான் வச்சதே இல்ல" என்று அவர் சாகும் வரை சொன்னார். நானும் அப்பாவைப் பற்றி எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டேன். கப்பல் கதை எல்லாம் கேட்டுச் சிரித்தாள். மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா, நான் மும்பை வரும்போது வச்ச தோட்டை அப்பா எப்ப மீட்டார்?"

"எங்கப்பா மீட்டது? அது அப்பவே முழுகிப் போச்சு. வட்டி கட்ட முடியல."

"அப்ப பொங்கலுக்குப் போட்டிருந்தியே?"

"அது உங்க அத்தையோடது. நீ வர்ற அன்னிக்கு மூளியா நிக்க வேணாம்னு இரவல் குடுத்தா. இப்ப போட்டிருக்கிறதுதான் நீ வாங்கிக் குடுத்தது. அதை ஏன் இப்ப கேக்குற? சாப்பிட்டியா?"

நாள் முழுக்க நகைக்கடன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவன் நான். வட்டி கட்டாத நகைக்கு நோட்டீஸ் அனுப்புகிறவன், ஏலத்துக்குத் தேதி குறிக்கிறவன். இருபது வருஷமாக என் சொந்தக் கணக்கில் முழுகிய நகை ஒன்று இருந்தது எனக்குத் தெரியவில்லை. அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் வார்த்தைக்காகத்தான் பணம் கிடைத்தது என்று அவர் கடைசி வரை நம்பியிருப்பார். அம்மாவும் அதைக் கெடுக்கவில்லை.

இந்தப் பதிவைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் என்னைப் போல ஒரு பெட்டியோடு தாதரிலோ கல்யாணிலோ இறங்கியவர்கள்தான். இல்லையென்றால் அப்படி இறங்கியவர்களின் பிள்ளைகள். உங்கள் முதல் டிக்கெட்டுக்குப் பணம் யாருடைய வார்த்தையில் வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். அது எதை வைத்துக் கட்டப்பட்டது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்க வேண்டியவர் இருக்கும்போதே கேளுங்கள்.

போன தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு ஜோடி தோடு வாங்கிப் போனேன். பழசு மாதிரியே சிவப்புக் கல் வைத்தது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எனக்கெதுக்குடா ரெண்டு? பேத்திக்கு வச்சிடு" என்று பெரியவள் கையில் கொடுத்துவிட்டாள். பெரியவள் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், "அத்தைப்பாட்டிக்கு அந்த இரவல் தோட்டைத் திருப்பிக் குடுத்தாங்களாப்பா?"

கொடுத்தார்களாம். நான் ரயிலேறிய மறுநாளே.